பேர் மட்டுந்தானே மாத்தியிருக்கு: ஒரு கர்னல் ரிவ்யூ தின்ற இரண்டு மாதம்

"லாஜிக் எதையும் தொடலீங்க. டைப் பேரு மட்டுந்தான் ஒழுங்கு பண்ணியிருக்குது. ஒரு வாரத்துல பாத்து ஓகே சொல்லிடுங்க." இந்த மாதிரி ஒரு வேலை உங்களிடம் வந்தால், காசு பேசுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வந்தபோது நானும் தேடிப் பார்த்தேன். லினக்ஸ் கர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) தேவையில்லாத டேட்டா டைப்புகளை (ஒரு எண்ணை எத்தனை பிட்டில், எப்படி வைப்பது என்று சொல்லும் பெயர்கள்) எப்படி மாற்றுவது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இன்னொருவர் மாற்றிக்கொண்டு வந்ததை எப்படிச் சரிபார்ப்பது, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எங்கே கடிக்கும் என்று தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஓணத்துக்கு முன்னால் தொடங்கிய அந்த ஒரு வார வேலை தீபாவளியைத் தொட்டது. பேசியது மொத்தமாக 40,000 ரூபாய். இதற்காகத் திருப்பூரிலிருந்து வந்த 65,000 ரூபாய் வேலை ஒன்றை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கணக்கு உங்களுக்கே புரியும்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு ஜில்லாதான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் ரோடு, எனக்கு வரும் எம்பெடட் லினக்ஸ் வேலையெல்லாம் அந்த ரோடு வழியாகத்தான் வரும். இந்த வேலை கொடுத்தது அங்கே ஒரு சின்ன கம்பெனி. ஸ்பின்னிங் மில் மெஷின்களில் இருந்து உற்பத்திக் கணக்கைச் சேகரித்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஒரு பெட்டி செய்கிறார்கள். பழைய பெட்டி 32 பிட் ஆர்ம், புதிய பெட்டி 64 பிட் ஆர்ம். உள்ளே ஓடும் டிரைவர், அதாவது மெஷின்களோடு பேசும் கர்னல் கோடு, ஆதியில் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக யாரோ எழுதி, லினக்ஸுக்கு இழுத்து வந்தது. அதனால் ஒரே 32 பிட் எண்ணுக்கு அதில் ஏழெட்டுப் பெயர். புதிய போர்டுக்குப் போவதற்கு முன்னால் அதையெல்லாம் கர்னலின் யூ8, யூ16, யூ32, யூ64 என்று ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. செய்திருக்க வேண்டிய வேலைதான்.

கர்னலுக்குள்ளேயே இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டிரைவர்காரரை மட்டும் திட்டுவது மாதிரி ஆகிவிடும். டைப்ஸ் ஹெடர் ஃபைலைத் திறந்து பார்த்தால் பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் வழி வந்த பெயர்கள் ஒரு பக்கம், சிஸ்டம் ஃபைவ் என்ற இன்னொரு யூனிக்ஸ் வழி வந்தவை ஒரு பக்கம், சி மொழியின் சி99 ஸ்டாண்டர்டில் வந்தவை ஒரு பக்கம், கர்னலின் சொந்தக் குட்டைப் பெயர்கள் ஒரு பக்கம். ஒரே அளவுக்கே பல பெயர். கர்னலின் கோடிங் ஸ்டைல் பக்கமே இதில் அடம்பிடிப்பதில்லை: இருக்கும் கோடைத் திருத்தும்போது அங்கே எந்தப் பாணி இருக்கிறதோ அதையே பின்பற்று என்கிறது. கோடின் பாணியைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டைக் கறாராக ஓட்டினால்தான் "கர்னல் டைப்பைப் பயன்படுத்தலாமே" என்று முனகும். ஆக, செக்பேட்ச் அமைதியாகிவிட்டது என்பதற்காக ஒரு சுத்தப்படுத்தும் பேட்ச், அதாவது கோடில் செய்த மாற்றங்களின் தொகுப்பு, சரியானது என்று அர்த்தமில்லை. எனக்கு வந்த மெயிலில் அதைத்தான் பெரிய சான்றாகப் போட்டிருந்தார்கள்.

முதல் வாரம் முழுக்கக் கண்ணால் படித்தேன். சிவப்பில் பழைய வரி, பச்சையில் புதிய வரி, வித்தியாசம் ஒரு வார்த்தை. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எல்லாமே அரிசியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ராத்திரி கண்ணை மூடினாலும் சிவப்பும் பச்சையும். நாம் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்க்கிறோம், "எதையோ விட்டுவிட்டோமோ" என்ற பயத்தைப் பகிர்ந்துகொள்ளக்கூட ஆள் இல்லை என்பது வேறு. கம்பெனியில் இதைச் செய்த பையனுக்கு போன் போட்டு எப்படி மாற்றினாய் தம்பி என்று கேட்டேன். "செட் கமாண்ட் போட்டேங்க்கா. அப்புறம் கம்பைல் ஆகாத இடத்த மட்டும் கையில சரி பண்ணிட்டேன்" என்றான். செட் என்பது ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் இன்னொன்றாக மாற்றும் கருவி. சரி, எந்தெந்த இடத்தைக் கையில் சரி பண்ணினாய்? "அது ஞாபகமில்லீங்க்கா." அந்தப் பதிலைக் கேட்ட அன்றைக்கே இந்த வேலையின் விலையை மாற்றிப் பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் ஆபத்து முழுவதும் அந்தக் கையில் சரி பண்ணிய இடங்களில்தான் இருந்தது. அதில் என்னை அதிகம் ஆட்டிவைத்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். டிரைவரில் யூலாங் என்று ஒரு டைப். அடியில் அது சாதாரண அன்சைன்டு லாங், அதாவது மைனஸ் வராத லாங் எண். அது பிறந்த ஊரில் லாங் என்றால் எப்போதும் 32 பிட். லினக்ஸில் 32 பிட் மெஷினில் 32, 64 பிட் மெஷினில் 64. தம்பி எல்லா யூலாங்கையும் யூ32 ஆக்கிவிட்டான். ரெஜிஸ்டர் மதிப்பு வைத்திருந்த இடங்களில் அது சரி. முகவரி வைத்திருந்த இடங்களில் கம்பைலரே கத்திவிட்டது, அதனால் அவை தப்பின. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது: ஜிஃபீஸ் எண்ணை வைத்திருந்த வேரியபிள்கள். ஜிஃபீஸ் என்பது கர்னலின் டைமர் டிக்குகளை எண்ணும் கணக்கு, அதன் டைப் அன்சைன்டு லாங். நேரம் தாண்டிவிட்டதா என்று பார்க்கும் டைம் ஆஃப்டர் மேக்ரோ, உள்ளே வருவது அன்சைன்டு லாங்தானா என்று சோதித்து, இல்லையென்றால் ஒரு எச்சரிக்கை கொடுக்கும். இங்கேயும் கொடுத்திருக்கிறது. அதை அடக்க ஒரு காஸ்ட், அதாவது இதை இந்த டைப்பாகவே எடுத்துக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்வது, போட்டிருக்கிறார்கள். எச்சரிக்கை போய்விட்டது, கம்பைல் ஆகிவிட்டது, பூட்டும் ஆகிவிட்டது.

இனிமேல்தான் கூத்து. லினக்ஸ் பூட் ஆகும்போது ஜிஃபீஸ் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 32 பிட் நிரம்பி வழிய இன்னும் 5 நிமிடம் இருக்கும் எண்ணில் தொடங்கும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நொடிக்கு 100 டிக் என்று வைத்தால், பூஜ்யத்தில் தொடங்கி நிரம்பி வழிய சுமார் 497 நாள் ஆகும். அதுவரை ஒளிந்திருக்கும் பிழைகள் சீக்கிரமே வெளியே வரட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. 32 பிட் மெஷினில் அந்த எண் சுற்றி வந்து பூஜ்யமாகும், மேக்ரோ அதைச் சமாளித்துவிடும். 64 பிட்டில் அது சுற்றி வராது, 33ஆவது பிட்டுக்கு ஏறிவிடும். நம் யூ32 வேரியபிளில் அந்த 33ஆவது பிட்டுக்கு இடமில்லை. ஆக, பெட்டியைப் போட்டு 5 நிமிடம் ஆனதும், வைத்திருக்கும் கெடு எல்லாம் எப்போதோ முடிந்துபோனதாகத் தெரியும். எந்த மெஷினிடம் கேட்டாலும் "பதில் வரவில்லை" என்று உடனே பிழை. கம்பெனியில் சோதனை எப்படி? போடு, இரண்டு மூன்று நிமிடம் எண்ணிக்கை ஓடுகிறதா என்று பார், அணை. எல்லாம் பாஸ்.

பிழை முதலில் தெரிந்தது ஒரு நாள் பெட்டியை அணைக்காமல் சாப்பிடப் போனதால். அப்போதும் யாருக்கும் பேட்ச் மேல் சந்தேகம் வரவில்லை. சூடு ஏறுகிறது என்றார்கள், ஃபேன் வைத்தார்கள். மெஷின்களை இணைக்கும் ஆர்எஸ் 485 கேபிளை மாற்றினார்கள், கேபிள் கடைசியில் போடும் டெர்மினேஷன் ரெசிஸ்டரை மாற்றினார்கள். கடைசியில் ரிவ்யூ இன்னும் முடியவில்லையே, நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்கள் என்றார்கள். பஸ்ஸில் போய் அங்கே உட்கார்ந்து, லாக்கில் நேரத்தைப் பார்த்தால் முதல் பிழை ஒவ்வொரு தடவையும் 300ஆவது நொடியை ஒட்டியே வந்திருக்கிறது. சூடு இவ்வளவு கறாராகக் கடிகாரம் பார்க்காது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஜிஃபீஸ் ஞாபகம் வந்துவிட்டது, ஆனால் அதற்குள் இரண்டு வாரம் போயிருந்தது. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: டைப் சுத்தப்படுத்தும் பேட்சில் புதிதாக ஒரு காஸ்ட் முளைத்திருந்தால் முதலில் அங்கே போங்கள். பெயர் மாற்றத்துக்குக் காஸ்ட் தேவையில்லை. தேவைப்பட்டால் அங்கே பெயரைத் தவிர வேறு ஏதோ மாறியிருக்கிறது. பச்சை வரிகளில் காஸ்ட்டை மட்டும் கிரெப் போட்டுத் தேடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அப்புறம், எந்தச் சோதனையாக இருந்தாலும் பெட்டி 5 நிமிடம் தாண்டி ஓடட்டும்.

பூலியன் கதை இன்னொன்று. டிரைவரின் பூலியன் அடியில் அன்சைன்டு கேர், அதாவது ஒரு பைட் எண். அதைக் கர்னலின் பூல் ஆக்கினார்கள். அளவு அதே ஒரு பைட்தான், என்ன கெட்டுவிடும்? ஒரு இடத்தில் அந்தப் பூலியனுக்கு மூன்று மதிப்பு இருந்தது: 0 என்றால் மெஷின் இல்லை, 1 என்றால் இருக்கிறது, 2 என்றால் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. பூலில் 2ஐப் போட்டால் 1 ஆகிவிடும். கேட்டே பார்க்காத மெஷினெல்லாம் ஓடிக்கொண்டிருப்பதாகக் கணக்கு வந்தது. இன்னொரு இடத்தில் நேர் எதிர். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 256 மதிப்புள்ள பிட்டை ஆண்ட் போட்டு எடுத்துப் பூலியனில் வைத்திருந்தார்கள். ஒரு பைட்டில் 256 நிற்காது, அதனால் இத்தனை வருடமாக அங்கே எப்போதும் 0. பூல் ஆனதும் அது ஒழுங்காக 1 ஆக ஆரம்பித்து, யாரும் பார்த்தே இராத ஒரு ஓவர்ஃப்ளோ எச்சரிக்கை திரையில் வந்தது. அதாவது பேட்ச் தெரியாமலே ஒரு பழைய பிழையைச் சரி செய்திருக்கிறது! நல்லதுதானே, விட்டுவிடுங்கள் என்றார்கள். விடக்கூடாது. அதைத் தனி பேட்சாகப் பிரித்து, "இங்கே நடத்தை மாறுகிறது, காரணம் இது" என்று எழுதச் சொன்னேன். நாளைக்கு மில்லில் அந்த எச்சரிக்கையைப் பார்த்து ஒருவர் போன் செய்தால், பெயர் மாற்றிய பேட்சுக்குள் போய் யார் தேடுவார்?

கேர் சமாசாரமும் இதே ரகம். சைன் சொல்லாமல் வெறும் கேர் என்று எழுதினால் எக்ஸ்86இல் அது மைனஸ் எண்ணையும் தாங்கும், ஆர்மில் தாங்காது. கர்னலில் 6.2 பதிப்பிலிருந்துதான் எல்லா மெஷினிலும் வெறும் கேர் அன்சைன்டு என்று ஒரே மாதிரி ஆக்கினார்கள். நம் டிரைவரில் இன்ட்8 என்பது வெறும் கேர். ஒரு ஃபங்ஷன் தோல்வியில் மைனஸ் 1 திருப்பும், அழைத்தவர் பூஜ்யத்துக்குக் கீழேயா என்று பார்ப்பார். ஆர்மில் மைனஸ் 1 வந்து 255 ஆக நிற்கும், சோதனை ஒருநாளும் உண்மையாகாது. தோல்வியைக் கவனிக்கும் அந்தக் கோடு இத்தனை காலமும் ஓடியதே இல்லை. அதை மைனஸும் தாங்கும் எஸ்8 ஆக்கியதும் ஓடியது. ஓடியதும் ஏற்கெனவே விடுவித்த ஒரு பஃபரை இரண்டாவது முறை விடுவித்தது, கர்னல் ஊப்ஸ், அதாவது கர்னலே பிழையில் தடுக்கி விழுந்தது. எஸ்8 சரியான மாற்றம்தான், குற்றம் தூங்கிக்கொண்டிருந்த கோடுடையது. ஆனால் வாடிக்கையாளர் பார்வையில் சுத்தம் செய்ததும் பெட்டி செத்துப்போனது.

இதற்கெல்லாம் பிறகுதான் கண்ணால் படிப்பதை நிறுத்திவிட்டு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பேட்சுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை கம்பைல் பண்ணி, ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைலர் எழுதித் தரும் ஃபைல்கள்) பிரித்து மெஷின் கோடை டிஃப் போடுவது, அதாவது ஒப்பிடுவது. பெயர் மட்டும் மாறியிருந்தால் மெஷின் கோடு ஒரு எழுத்துக்கூட மாறாது. கர்னல் சோர்ஸிலேயே ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் ஆப்ஜ்டிஃப் என்று இதற்கென ஒன்று இருக்கிறது. டீபக் தகவலை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வரி எண் நகர்ந்தால் வார்ன் மேக்ரோ இருக்கும் இடங்களில் பொய் வித்தியாசம் காட்டும், அதை ஒதுக்கிவிடலாம். முக்கியமானது, 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் செய்யுங்கள். யூலாங்கை யூ32 ஆக்கியது 32 பிட் ஆப்ஜெக்டில் சுத்தமாக வித்தியாசமே காட்டவில்லை, 64இல் மட்டும்தான் காட்டியது. ஒரே ராத்திரியில் பெரும்பாலான ஃபைல்கள் "மாற்றமில்லை" என்று ஒதுங்கின, மிச்சம் இருந்த கொஞ்சத்தை நிதானமாகப் படித்தேன். அதோடு பாஹோல் என்ற கருவியை ஓட்டி ஸ்ட்ரக்சர்களின் (பல வேரியபிள்களைச் சேர்த்த கட்டு) அளவும் இடைவெளியும் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இதற்கு மட்டும் டீபக் தகவல் வேண்டும்.

ஆப்ஜெக்ட் ஒப்பீடு பிடிக்காத ஒன்றும் உண்டு. கர்னலில் எல்ஈ32, பிஈ32 என்று பைட் வரிசையைச் சொல்லும் டைப்புகள் இருக்கின்றன. கம்பைலருக்கு அவையும் யூ32 போலத்தான், ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவிக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். "இதுவும் 32 பிட்தானே" என்று அவற்றையும் யூ32 ஆக்கிவிட்டால் மெஷின் கோடு அப்படியே இருக்கும், போனது எச்சரிக்கை மட்டும். மேக் கட்டளையில் சி=2 என்று கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்பார்ஸ் சொன்னதை ஒப்பிடுங்கள். தேவையில்லாத டைப் என்பது வேறு, ஒரே அளவில் வேறு சேதி சொல்லும் டைப் என்பது வேறு.

யூஸர் ஸ்பேஸுக்கு, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் அப்ளிகேஷன்களுக்கு, போகும் ஹெடர்களைத் தொடவே விடாதீர்கள். 2038இல் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் பிரச்சினைக்கும் சேர்த்து மருந்து போடலாம் என்று ஐஆக்டில் (அப்ளிகேஷன் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி) ஸ்ட்ரக்சரில் ஒரு லாங்கை எஸ்64 ஆக்கியிருந்தார்கள். ஐஆக்டில் கமாண்ட் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்சரின் அளவும் பொதிந்திருக்கும். அளவு மாறினால் எண்ணும் மாறும், மில்லில் ஏற்கெனவே ஓடும் பழைய அப்ளிகேஷன் கேட்டால் டிரைவர் "இப்படி ஒரு கமாண்டே தெரியாது" என்று ஈநாட்டி பிழையைத் திருப்பிவிடும். அந்த பேட்சை மொத்தமாகவே நிராகரித்தேன்.

உருப்படியாகச் செய்வது எப்படி என்று பார்க்க விரும்பினால் கர்னல் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கிளாக் சோர்ஸ் கோடில் சைக்கிள் டி என்று ஒரு டைப் இருந்தது, அடியில் வெறும் யூ64. 2016 டிசம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னர் அதை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் யூ64 போட்டார், 4.10 பதிப்பில் வந்தது. பல ஃபைல்களைத் தொடும் மாற்றம், ஆனால் காக்ஸினெல் என்ற கருவிக்கு எழுதிய ஸ்கிரிப்ட்டையும் கமிட் செய்தியிலேயே வைத்துவிட்டார். ரிவ்யூ செய்பவர் அந்தச் சில வரிகளைப் படித்து, தானே ஓட்டிப் பார்த்து, அதே டிஃப் வருகிறதா என்று பார்த்தால் போதும். செட் வெறும் எழுத்தைத்தான் பார்க்கும். காக்ஸினெல்லுக்குச் சி மொழியின் இலக்கணம் தெரியும், அதனால் கமெண்டுக்குள்ளும் ஸ்ட்ரிங்குக்குள்ளும் போய் மூக்கை நுழைக்காது. இப்போது நான் வைத்திருக்கும் நிபந்தனை இதுதான்: ஸ்கிரிப்ட் செய்த பேட்ச் தனி, கை வைத்த பேட்ச் தனி, ஒரு டைப்புக்கு ஒரு பேட்ச். பெரிய பெயர் மாற்றத்துக்குப் பிறகு, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் முழுக்கத் தம்பியின் பெயர்தான் வரும், அந்த மாற்றத்தைத் தாண்டிப் பார்க்க இக்னோர் ரெவ்ஸ் ஃபைல் வசதி கிட் 2.23இலிருந்து இருக்கிறது, அந்த கமிட் எண்ணை அதில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

காசு விஷயம். மொத்தமாக இவ்வளவு என்று பேசாதீர்கள். வேலை இழுத்ததற்குக் காரணம் நான் கண்டுபிடித்த பிழைகள், ஆனால் அவர்கள் கண்ணில் தாமதத்துக்குக் காரணம் நான். 10,000 முன்பணம் போக மீதியை "ரிவ்யூ முடியட்டுங்க" என்று நிறுத்தி வைத்தார்கள், பொங்கல் கழிந்துதான் வந்தது. ரிவ்யூ என்றால் ஒப்புதல் கொடுப்பது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நிராகரித்தாலும் வேலை முடிந்ததுதான் என்பதை முதல் மெயிலிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே இன்னொரு வரி: இரண்டு ஆர்க்கிடெக்சரிலும் ஆப்ஜெக்ட் கோடு மாறாத பேட்சுகளுக்கு ஒரு விலை, மாறுகிறவற்றுக்கு மணிக்கணக்கு. "பேரு மட்டுந்தாங்க" என்று சொல்பவருக்கு இதில் மறுப்பு சொல்ல வழியில்லை.

பெயர் மட்டும் மாறிய பேட்சுகள் இப்போது அவர்கள் மெயின் கிளையில் இருக்கின்றன. பூல், எஸ்8 மாற்றங்கள் தனித்தனியாகப் போயின, ஜிஃபீஸ் வேரியபிள்கள் அன்சைன்டு லாங்காகத் திரும்பின. அடுத்து இன்னொரு டிரைவரையும் இதே மாதிரி சுத்தம் பண்ணப் போகிறார்களாம், போன வாரம் கூப்பிட்டார்கள். மேலே சொன்ன நிபந்தனைகளையும் மணிக்கணக்கு ரேட்டையும் போட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.